இரண்டாவது இழுப்பு

காளப்பநாயக்கன்பட்டியில் சைபுல்லாவின் பட்டறை எங்கே என்று கேட்டால் யாரும் கை நீட்டிக் காட்ட மாட்டார்கள். "காதைக் குடுங்க, தானா தெரியும்" என்பார்கள். அங்கே எந்நேரமும் ஏதாவது ஒரு எஞ்சின் இருமிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் பொருமிக்கொண்டிருக்கும். கிணற்று டீசல் எஞ்சின், மருந்தடிக்கிற எஞ்சின், மரவள்ளி அரைக்கிற எஞ்சின் என்று எது வந்தாலும் அவர் மட்டும்தான் கை வைப்பார். ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மனிதருக்கு வருமே ஒரு கோபம்!

அவருக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. முதலாவது, சரிபார்த்து முடித்த எஞ்சினைக் கிளப்பும் முதல் கயிற்றை உடையவர்தான் இழுக்க வேண்டும். சைபுல்லா இழுத்துக் காட்ட மாட்டார். உடையவர் இழுக்கும்போது முதல் இழுப்பிலேயே பிடிக்க வேண்டும். "ரெண்டாவது இழுப்புன்னா நான் வேலையை முடிக்கலைன்னு அர்த்தமுங்க" என்பார். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் நடந்தது. ஊரில் இதை ஒரு வேடிக்கையாகவே பேசிக்கொள்வார்கள்.

இரண்டாவது, இடுப்பில் கயிறு இல்லாமல் தண்ணீர்ப் பக்கம் போக மாட்டார். இருபத்திரண்டு வயதில் ஒரு தோட்டத்துக் கிணற்றில், பம்புக் குழாயின் அடியில் மாட்டுகிற ஃபுட்வால்வை இறக்கும்போது கல் வழுக்கி உள்ளே போய்விட்டார். நீச்சல் தெரியாது. இரண்டு தரம் மூழ்கி, மூன்றாம் தரம் மேலே வந்தபோது தோட்டக்காரர் வீசிய கயிறு கையில் சிக்கியது. அந்தக் கயிற்றையே கேட்டு வாங்கி வந்துவிட்டார். அதன் பிறகு எந்தக் கிணற்றில் இறங்கினாலும் அந்தத் தேங்காய்நார்க் கயிறு அவர் இடுப்பில் இருக்கும். முழங்கால் ஆழத் தொட்டியாக இருந்தாலும் சரிதான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரைத் தேடித்தான் 2001-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் மலையிலிருந்து செங்கோடனும் அவர் மனைவி பழனியம்மாளும் இறங்கி வந்தார்கள். கேட்டது கிணற்று எஞ்சின் அல்ல. படகுக்கு மோட்டார்.

"மலைமேல படகா?" என்றார் சைபுல்லா.

"ஆமாங்க பாய்" என்றார் செங்கோடன். எடப்புளி நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் நத்தக்காட்டு ஏரிக்கு அக்கரையில் எட்டு வீடுகள், அதில் ஒன்று அவர்களுடையது. ரோடு இக்கரையோடு நின்றுவிடும். சுற்றிப் போனால் காட்டு வழியாக இரண்டு மணி நேர நடை, மழை பெய்தால் ஓடை மறித்துக்கொள்ளும். ஒரு காலத்தில் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஏரிக்கரையில் எஸ்டேட் வாங்கி, ஆசைப்பட்டு ஒரு பாய்மரப் படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டிருந்தார். பத்து வருஷத்துக்கு முன் வயதாகி மகளோடு போகும்போது, காவலுக்கு இருந்த செங்கோடனுக்கே படகைக் கொடுத்துவிட்டார். பாயை அவர்கள் துணி என்றுதான் சொல்வார்கள். காலையில் மேற்குக் கணவாயில் காற்று வரும், துணியை விரித்தால் கால் மணியில் அக்கரை. மத்தியானம் காற்று நின்றுவிட்டால் படகும் நின்றுவிடும். அப்புறம் ஒரு பலகையை வைத்துத் துழாவ வேண்டியதுதான்.

"பத்து வருஷமா அப்படித்தானே ஓட்டறீங்க? இப்ப என்ன வந்துச்சு?" என்று கேட்டார் சைபுல்லா.

பதிலைப் பழனியம்மாள் சொன்னாள். அவர்களுடைய ஒரே மகள் விஜயாவை ஆலத்தூர் நாட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பச் சொன்னால் சம்பந்தி சின்னுசாமி முடியாது என்கிறார். போன வருஷம் விருந்துக்கு வந்தபோது அவர் நடு ஏரியில் காற்றில்லாமல் இரண்டரை மணி நேரம் உச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தவர். விருந்துச் சோறு ஆறிப்போனதை இன்னும் மறக்கவில்லை.

"காத்து வந்தாத்தான் கரை சேரும்னா அந்த ஊட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டேங்கறாருங்க. வலி வந்த நேரத்துல காத்து நின்னா என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறாரு. நாயமாத்தான் கேக்கறாருங்க. ஆனா எம்புள்ள இந்த நேரத்துல எங்கிட்ட இல்லாம வேற எங்கீங்க பாய் இருப்பா?" என்றாள்.

சைபுல்லாவுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மகள் இர்ஃபானா பிரசவத்துக்கு வந்தபோது, அவர் மனைவி பாத்திமா பீவி நாற்பது நாளும் மகள் கட்டிலுக்குக் கீழேயே தரையில் படுத்திருந்தாள். இப்போது அவளே உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "கேட்டுக்கிட்டே நிக்கறீங்களே, போட்டுக் குடுங்க!"

மோட்டார் கிடைத்தது ஒரு கூத்து. அவருடைய மச்சான் ஹபீப் ரஹ்மான் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு லோடில் நீளக் காலும் அடியில் சின்ன விசிறியுமாக ஒரு சாமான் வந்து இரண்டு வருஷமாகக் கிடந்தது. அது என்னவென்று யாருக்கும் புரியாததால் கடைக்கு வருகிற பிள்ளைகள் அதை ராட்சச மிக்ஸி என்பார்கள். கடல் படகின் முதுகில் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் அது, சின்ன சைஸ்.

சைபுல்லா அதைப் பிரித்துக் கழுவி, மாற்ற வேண்டியதை மாற்றி, ஒரு டிரம் தண்ணீரில் காலை விட்டுப் பார்த்தார். பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு குறை. மோட்டாரின் கால் முன்னும் பின்னும் ஆடியது. எஞ்சின் என்றால் ஆடக்கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. கிணற்று எஞ்சினைக் காங்கிரீட் மேடையில் போல்ட் போட்டு இறுக்குகிறோம், ஒரு நூல் ஆடினாலும் மேடையையே பெயர்த்துவிடும். "தேஞ்சு போச்சு போல" என்று ஒரு பட்டை இரும்பை வளைத்து, காலை அசையவிடாமல் இறுக்கினார். தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார்.

முதல் பஸ்ஸில் மோட்டாரைச் சாக்கில் கட்டி ஏற்றி, மலைப்பாதையின் எழுபது வளைவும் மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ரோடு முடிகிற இடத்திலிருந்து ஏரி வரை பழனியம்மாள்தான் அதைத் தலையில் சுமந்தாள். செங்கோடன் வாங்க வந்தபோது, "வேண்டாம், உடுங்க, நானே கொண்டாரேன்" என்றுவிட்டாள்.

மலைமேல் காற்று லேசு. கீழே சரியாக வைத்த பெட்ரோல் அளவு மேலே போனால் கூடுதலாகிப் புகையும். அது அவருக்குத் தெரியும், ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டார். படகின் பின்பலகை மெல்லிசு என்று உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் பலாப்பலகை கொடுத்து, நடுவில் லாரி டியூப் ரப்பர் வைத்து, சுக்கானில் இடிக்காதபடி வலப்பக்கமாகத் தள்ளி நாலு போல்ட் போட்டார். கால் எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும்? அதற்கு அவர் யோசிக்கவே இல்லை. கிணற்றில் ஃபுட்வால்வு ஆழத்தில் கிடந்தால்தான் காற்று இழுக்காது. முடிந்த மட்டும் கீழே இறக்கினார். இத்தனையும் படகைக் கரையில் இழுத்துப் போட்டுச் செய்த வேலைதான். படகு தண்ணீரில் இறங்கியதும் அவர் பத்தடி பின்னால் போய் ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சோதனை பார்க்கச் சின்னுசாமி வந்திருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. படகில் ஏறி நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

"முதல் கயிறை உடையவர் இழுங்க" என்று சைபுல்லா கரையிலிருந்தே சொன்னார். செங்கோடன் இழுத்தார். ஒரே இழுப்பு! படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. பழனியம்மாள் கரையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஏரியின் தெற்கு மூலையில் தண்ணீருக்குள் மூழ்கிய மரக்கட்டைகள் உண்டு. படகு திரும்பும்போது 'கடக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி எஞ்சின் வீறிட்டது. பாரம் இல்லாமல் ஓடுகிற எஞ்சினின் சத்தம் அது. சைபுல்லாவின் கை மரத்தில் இறுகியது. கால் கட்டையில் மோதி, விசிறியைப் பிடித்திருந்த 'பின்' என்கிற கம்பித்துண்டு ஒடிந்து, மோதிய வேகத்தில் படகின் பின்பலகையும் விரிந்துவிட்டது. தண்ணீர் கசிய, செங்கோடன் பலகையால் துழாவித் துழாவிக் கரை சேர்ந்தார். சின்னுசாமியின் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

"காத்துன்னா நின்னுதான் போகும், சம்பந்தி. படகை உடைக்காது" என்றார் சின்னுசாமி. அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் பழனியம்மாளுக்கு வலித்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"ஏனுங்க, சித்த நில்லுங்க" என்றார் சைபுல்லா. "தப்பு ஏரி மேல இல்லீங்க. இவிய மேலயும் இல்ல. என் மேல. என்னன்னு இன்னும் தெரியல, ஆனா என் வேலையிலதான் தப்பு. நாளன்னைக்கு இதே நேரத்துக்கு ஒருக்கா வாங்க."

"வந்து? மறுக்கா நனையறதுக்கா?"

"நானும் படகுல ஏறுவேனுங்க."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கிணற்றில் விழுந்த அவர் கதை மலை முழுக்கத் தெரிந்ததுதான். சின்னுசாமி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, வாரேன்" என்று போய்விட்டார்.

இக்கரையில் காப்பிக்கொட்டை காயவைக்கிற கொட்டகையில் சைபுல்லா தங்கினார். பழனியம்மாள் அக்கரையிலிருந்து கட்டைத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் சாமைச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மோட்டாரைக் கழற்றிப் பட்டை இரும்பை எடுத்ததும் கால் மறுபடி லேசாக ஆடியது. ஆடுகிற அச்சைத் துடைத்துப் பார்த்தார். தேய்மானமே இல்லை. வழவழவென்று அளவெடுத்துக் கடைந்த அச்சு. ஏதாவது மோதினால் கால் பின்னால் எகிறி, தாண்டியதும் திரும்பி விழுவதற்கென்றே செய்த ஆட்டம் அது.

"அடப்பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "ஓடுறதுக்குச் செஞ்சவன் காலைக் குடுத்திருக்கான், நான் அதுக்கு விலங்கு மாட்டியிருக்கேனே!"

அப்புறம் எல்லாம் வரிசையாகப் புரிந்தது. ஆழமும் தப்பு. விசிறி படகின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் போதும், கடல் படகுக்குச் செய்த நீளக் காலை இவர் இன்னும் கீழே இறக்கியிருந்தார். பின்பலகையை மாற்றி, மோட்டாரை முக்கால் அடி உயர்த்தினார். ஒடிந்த பின்னுக்குப் பதிலாக எஃகு ஆணி போடக் கை போனது. கையை இழுத்துக்கொண்டார். அந்தப் பின் ஒடிந்ததால்தானே எஞ்சின் தப்பித்தது? பித்தளைக் கம்பியை அறுத்து ஒன்றைப் போட்டு, இன்னும் இரண்டை மோட்டார் மூடிக்குள் டேப்பால் ஒட்டிவைத்தார்.

குறித்த நாளில் சின்னுசாமி வந்தார். சைபுல்லா இடுப்பில் கிணற்றுக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பாய்மரத்தில் முடிந்தார். மூன்று முடிச்சு.

"பாய், படகு கவுந்தா அந்த மரமும் உங்களோடதான் வருமுங்க" என்றார் சின்னுசாமி.

"வரட்டுங்க. துணைக்கு ஆச்சு."

பிஸ்மில்லா சொல்லிக் காலை வைத்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்ததும் அப்படியே பலகையில் குந்திக் கண்ணை மூடிக்கொண்டார். செங்கோடன் கயிற்றை இழுத்தார், முதல் இழுப்பிலேயே பிடித்தது. கண்ணைத் திறக்காமலே சைபுல்லா சொன்னார், "தெக்கு மூலைக்கு உடுங்க. அந்தக் கட்டைங்க மேலயே உடுங்க."

"நெசமாலுமேவா?" என்றார் செங்கோடன்.

"உடுங்கன்னா!"

கட்டையில் மோதியது. மோட்டார் ஒரு துள்ளு துள்ளி எகிறி, தாண்டியதும் திரும்பத் தண்ணீரில் விழுந்து, தன் பாட்டுக்கு ஓடியது. இன்னொரு கட்டை. இன்னொரு துள்ளல். சைபுல்லாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அக்கரை போய்த் திரும்பி வந்ததும் கயிற்றை அவிழ்க்க அவரால் முடியவில்லை. பழனியம்மாள்தான் முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

சின்னுசாமி மோட்டாரை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சைபுல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பழனியம்மாளிடம் திரும்பினார். "இத்தனை பயத்தை வயித்துல வெச்சுக்கிட்டு ஒரு மனுசன் ஏறி உக்காந்து, கட்டை மேல உடுங்கறாரு. இதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்கறது? புதன்கிழமை மருமகளைக் கூட்டியாரேனுங்க."

பழனியம்மாள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம் தாங்காமல்தான்.

புறப்படும் முன் சைபுல்லா எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். "காத்து இருந்தாத் துணியவே நம்புங்க. துணி கைவிட்டா மட்டும் இது. வாரத்துக்கு ரெண்டு தரம் இழுத்து ஓட்டிப் பாருங்க." பழனியம்மாளையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். "எனக்கெதுக்குங்க அதெல்லாம், அவியளே பாத்துக்குவாங்க" என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள். அவரும் வற்புறுத்தவில்லை.

ஐப்பசி பிறந்து பத்து நாள் இருக்கும். மலையிலிருந்து இறங்கிய பஸ் பட்டறை முன்னால் வேகம் குறைந்தது. கண்டக்டர் மாதேஸ்வரன் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார். "பாய்! நத்தக்காட்டுச் சேதி! பொம்பளப்புள்ள! ரெண்டு பேரும் செம்மேட்டு ஆஸ்பத்திரியில நல்லா இருக்காங்க! காத்தே இல்லையாம், மோட்டார்லதான் வந்தாங்களாம்! ரெண்டாவது இழுப்புல புடிச்சுதுன்னு சொல்லச் சொன்னாங்க!"

பஸ் போய்விட்டது. பாத்திமா பீவி சர்க்கரையைக் கொண்டுவந்து அவர் வாயில் போட்டாள். அவர் அதை மெல்லக்கூட இல்லை.

"ரெண்டாவதா?" என்றார்.

"புள்ளையும் தாயும் சௌக்கியம்னு அல்லாஹ் காட்டிட்டான். இவரு உக்காந்து இழுப்பை எண்ணிக்கிட்டிருக்காரு!"

"வலி வந்த புள்ளைய வெச்சுக்கிட்டு, மொத இழுப்புல புடிக்கலைன்னா அவிய மனசு என்ன பாடு பட்டிருக்கும்?" என்றார் சைபுல்லா. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பையோடு ஏரிக்குப் போனார். படகு இக்கரையில் கட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தனியாக ஏறினார். மோட்டாரை இழுத்தார். முதல் இழுப்பு. அணைத்து, ஆறவிட்டு இழுத்தார். முதல் இழுப்பு. ஏழு தரம் இழுத்தார், ஏழு தரமும் முதல் இழுப்பு. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் ஒரு குறையும் இல்லை. மண்டை காய்ந்துபோய் செம்மேட்டுக்குப் பஸ் பிடித்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பழனியம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாங்க பாய்!" என்று முகமெல்லாம் மலர்ந்தாள்.

"புள்ள நல்லா இருக்குதுங்களா? சரி. அதென்னங்க ரெண்டாவது இழுப்பு?"

அவள் சிரித்துவிட்டாள். "அது நானுங்க."

வலி வந்ததும் படகில் ஏற்றினார்களாம். விஜயா அப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றுவிட்டாள். சொட்டுக் காற்று இல்லை. "சுக்கான் புடிக்கறது எனக்குப் பழக்கந்தான். கயிறுதான் தெரியாது. கிணத்துல தண்ணி சேந்தற மாதிரி மெல்ல மெல்ல இழுத்தேனுங்க. அது இருமிட்டுப் படுத்துக்கிச்சு. பொறவு எனக்கு வந்துச்சே ஒரு கோவம், வெடுக்குன்னு ஒரே இழுப்பு! கரை வரைக்கும் நிக்கவே இல்லீங்க."

சைபுல்லா அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அக்கா, உடையவங்கதான் முதல் கயிறை இழுக்கணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறவன் நானு" என்றார். "தலையில சுமந்து கொண்டாந்தது நீங்க. கேட்டு வந்ததும் நீங்க. நான் உங்க ஊட்டுக்காரரை இழுக்கச் சொன்னேன். அன்னைக்கே உங்களை இழுக்கச் சொல்லியிருந்தா நேத்து அந்தப் பதட்டம் இருந்திருக்காது. இதுவும் என் தப்புதானுங்க."

"உடுங்க பாய், நல்லபடியா ஆச்சில்ல" என்று அவள் குழந்தையை நீட்டினாள். "புடிங்க உங்க பேத்தியை. இதென்னங்க இடுப்புல?"

அவர் குனிந்து பார்த்தார். அவசரத்தில் கயிற்றை அவிழ்க்காமலே பஸ்ஸேறி வந்திருந்தார். ஒரு சுற்று இடுப்பில், மிச்சம் சுருளாக முழங்கையில். பஸ்ஸில் எல்லாரும் ஏன் தன்னையே பார்த்தார்கள் என்பது இப்போதுதான் விளங்கியது. வராந்தாவே சிரித்தது. அவரும் சிரித்தார்.

கையை லுங்கியில் மூன்று தரம் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கினார். அது தூக்கத்தில் மூக்கைச் சுளித்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, சுற்றி, பழனியம்மாள் பக்கத்தில் வைத்தார்.

"தூளி கட்டறதுக்கு ஆகுங்க அக்கா. நல்ல கயிறு. என்னையே தாங்குச்சு."

"அப்ப கிணத்துல எறங்கறதுக்கு?"

"வேற ஒன்னு வாங்கிக்குவேன்."

பேர் வைக்கிற அன்றைக்குப் பாத்திமா பீவியையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார். காற்று இல்லை. பழனியம்மாள் முதல் இழுப்பிலேயே மோட்டாரைப் பிடிக்கவைத்தாள். சைபுல்லா இடுப்பில் ஒன்றும் இல்லாமல் படகின் இரண்டு பக்கத்தையும் கெட்டியாகப் பிடித்து உட்கார்ந்து, அக்கரை வரும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை.